மீதி ஐந்து சதவீதம்

சாப்பிடப் போகும்போது திரையில் பதினொரு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பத்துதான் இருந்தன. நடுவில் மவுசைத் தொட ஆளே கிடையாது. சனிக்கிழமை, அரை நாள் வேலை. ஒரு மணிக்கே மூன்றாவது மாடி காலியாகிவிட்டது, ஏசி மட்டும் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் விரலை வைத்து, எண் கற்கிற பிள்ளை மாதிரி மறுபடி எண்ணினான். பத்து.

ஒரு ஓட்டை தானாக அடைபட்டால் கசக்குமா என்ன என்று நினைத்துக்கொண்டே மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தான். தொண்ணூற்றைந்து புள்ளி பூஜ்யம். சாப்பிடப் போகும்போதும் அதேதான். ஓட்டை ஒன்று குறைந்திருக்கிறது, எண் மட்டும் ஏறவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருக்கிற பத்தில் ஏதோ ஒன்று கொழுத்திருக்கிறது.

திரையில் இருந்தது ஒரு மலை, உச்சியிலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி. காட்டுத்தீ பிடித்தால் முதல் புகையிலேயே கத்துகிற சென்சார்களை அந்த மலையில் எங்கெங்கே நடுவது என்று திட்டம் போடுவது அவன் வேலை. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதைத் தாங்க ஆள் உயர இரும்புக் கம்பி, அவ்வளவுதான் சென்சார். மலையில் ஒருவர் அதை நட்டு சுவிட்சைப் போட்டால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி முளைக்கும். சரிவு, காற்று, மரம் எல்லாவற்றையும் பார்த்து, அந்தப் பெட்டியால் எதுவரை மோப்பம் பிடிக்க முடியுமோ அதுவரை மென்பொருள் பச்சை பூசும். எந்தப் பெட்டிக்கும் எட்டாத இடம் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைக்கு ஆபீசில் ஓட்டை என்று பெயர்.

மலை முழுவதையும் பச்சையாக்க யாராலும் முடியாது, யாரும் முயல்வதும் இல்லை. தொண்ணூற்றைந்து வந்தால் பாஸ். இந்தத் தொழிலில் எல்லோரும் பேசாமல் ஒப்புக்கொண்ட வழக்கம் இது. மீதி ஐந்தை இங்கே ஒரு துளி அங்கே ஒரு துளி என்று கண்ணை உறுத்தாமல் சிதறவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஐந்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவனும் எட்டு வருஷம் கேட்டதில்லை.

போன கோடையில்தான் கேட்டான். பக்கத்து மலை, அவன் போட்ட திட்டம், அவன் விட்ட ஓட்டை. சரியாக அந்த ஓட்டைக்குள் தீ பிறந்து, ஒரு காவல் குடிசையையும் அதற்குள் இருந்த இரண்டு பேரையும் தின்றுவிட்டு இறங்கியது. அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தொண்ணூற்றைந்து இருந்ததே. "நெருப்புக்கும் மேப் பாக்கத் தெரியும் போலருக்கு" என்று மேனேஜர் வருத்தமாகச் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கோப்புகளைத் தோண்டிப் பார்த்தான். மூன்று வருஷத்தில் நாலு தீ. நாலும் ஓட்டையில் பிறந்தவை. பச்சைக்குள் ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

அந்தக் குடிசையில், தீ பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை, அவன் தங்கை உட்கார்ந்து கால் நீட்டி டீ குடித்துவிட்டு வந்திருந்தாள்.

மலையில் சென்சார் நடுகிறவள் அவள்தான். முன்பு அவனும் ஏறியவன். முழங்கால் உடைந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த பிறகு அந்த வேலைக்கு அவள் வந்தாள். பாதுகாப்புக்காக அவள் இடுப்பில் மாட்டியிருக்கும் கருவி திரையில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். புள்ளிக்கு ஒரு பெயர் கொடு என்று மென்பொருள் கேட்டபோது அவன் யோசிக்காமல் 'ஆடு' என்று அடித்தான். செங்குத்துப் பாறையில் அவள் ஏறுவதைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள். இந்த மலைக்கு அவள் வாரம் இரண்டு நாள் பராமரிப்புக்கு வர வேண்டும், இன்னும் இரண்டு வருஷத்துக்கு. அதனால் இந்த ஒரு மலையில் ஓட்டையே இருக்கக்கூடாது, நூறு வந்தே ஆக வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். வேறு எந்த ஆசையும் அதில் இல்லை.

போன் அடித்தது.

"நாற்காலி அண்ணா, சாப்டாச்சா? இல்ல, வாய் எங்க இருக்குன்னு இன்னும் மேப்ல தேடிட்டிருக்கியா?"

"ஏய் ஆடு. இருபத்திமூணாம் நம்பர் பெட்டிய யாராவது தொட்டீங்களா?"

"யாரு தொடப் போறா? நானும் டிரைவர் அண்ணனும்தான் இங்க. அவரு ஜீப்புல விடுற குறட்டைக்கே பாதி மிருகம் ஓடிப் போயிருக்கும். ஏன்?"

"ஒரு ஓட்டையக் காணோம்."

"காணாமப் போனா போகட்டும் விடு. ஓட்டைய யாரு திருடிட்டுப் போகப் போறா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கும் கொஞ்சம் இலகுவானது.

வேலையை ஆரம்பித்தார்கள். அவன் திரையில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பான், எங்கே வைத்தால் ஓட்டை மூடும் என்று மென்பொருள் காட்டும், அவன் போனில் சொல்வான், அவள் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் அறைவாள். இருபத்திமூன்றை நாற்பதடி மேலே. ஒன்பதைப் பாறைக்கு அந்தப் பக்கம். சுத்தியல் கம்பியில் விழுகிற சத்தம் போனில் டங் டங்கென்று கேட்கும், அவள் மூச்சு வாங்குவது கேட்கும், பின்னால் சில்வண்டுகள் ஒரே ஸ்வரத்தில் இரைவது கேட்கும். பிறகு சுவிட்ச். பிறகு திரையில் ஒரு வெள்ளைத் திட்டு மெல்லச் சுருங்கி இல்லாமல் போகும்.

ஏழு ஓட்டை. நாலு ஓட்டை. எண் மட்டும் தொண்ணூற்றைந்து புள்ளி பூஜ்யம்.

அவனுக்கு மண்டை காய்ந்தது. மென்பொருளை மூடித் திறந்தான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். அது விழித்து எழுகிற வரைக்கும் கறுப்புத் திரையில் தன் முகத்தையும், முதுகுக்குப் பின்னால் வரிசையாக இருந்த காலி நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் மூடி வழியாக நாலு மணி வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. பிரிண்டர் பக்கமிருந்து சூடான தூசி நாற்றம் வந்தது. மலை மறுபடி திரையில் வந்தபோது எண் அப்படியே இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "தொண்ணூத்தஞ்சு வந்துருச்சுல்ல? அனுப்பிட்டுக் கிளம்புய்யா. சனிக்கிழமை அதுவுமா என்ன தவம்?"

"எண்ணு ஏற மாட்டேங்குது சார்."

"இறங்கலல்ல? அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

நாலேகாலுக்கு ஒரே ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. வடக்குச் சரிவில், ஒரு பள்ளத்தைக் கவ்விக்கொண்டு, பெரிய வெள்ளை. அவன் அளவுகோலை எடுத்து அதன் பரப்பை அளந்தான். காலையில் சேமித்து வைத்திருந்த படத்தைத் திறந்து பதினொரு சின்னத் திட்டுகளையும் அளந்து கூட்டினான். இரண்டும் ஒன்று, ஒரு முழம்கூட வித்தியாசமில்லை. பிசைந்த மாவை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்குமே, அப்படி இத்தனை நேரமும் அவன் எதையும் அடைக்கவே இல்லை. பதினொரு இடத்தில் துண்டு துண்டாகக் கிடந்ததை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியா?" என்றாள் தங்கை. "பையில ரெண்டு பெட்டி இருக்கு. நேரா நடுவுல போய் ஒண்ண அறைஞ்சிட்டா கதை முடிஞ்சுது."

"சரி, போ" என்றான் அவன்.

அவன்தான் சொன்னான். பிறகு அதை எத்தனை தடவை நினைத்தாலும் அந்தச் சொல் அவன் வாயிலிருந்துதான் வந்தது.

மஞ்சள் புள்ளி வடக்கே நகர்ந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை புதுப்பித்துக்கொள்ளும். முதல் தடவை புதுப்பித்தபோது வெள்ளையின் இந்தப் பக்க ஓரம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம். அவள் நெருங்க நெருங்க அது பின்வாங்கியது. அவன் அளந்தான். அவளுக்கும் அதற்கும் நடுவே இருநூறு மீட்டர். மறுபடி அளந்தான். இருநூறு மீட்டர்.

"ஆடு, அப்படியே நில்லு."

"ஏன்?"

"நில்லேன், சொல்றேன்ல."

அவள் நின்றாள். வெள்ளையும் நின்றது.

"இப்ப திரும்பி ஜீப்பு பக்கம் ஒரு நூறு அடி நட."

"என்னண்ணா, என்ன வெச்சு ரிமோட் கார் ஓட்டுறியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். அவன் திரையையே பார்த்தான். ஏசி மட்டும் இரைந்தது. இரண்டு நிமிஷம் ஒரு வாரம் மாதிரி நீண்டது. திரை கண் சிமிட்டியது.

வெள்ளை அவளுக்குப் பின்னால் வந்திருந்தது. இருநூறு மீட்டர்.

சென்சார் எதுவும் நகரவில்லையே, ஓட்டை எப்படி நகரும் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பெரிதாக்கிப் பார்த்தான். எல்லாமே வேலை செய்தன. எல்லாவற்றிலும் 'நலம்' என்றிருந்தது. வெள்ளை கிட்டே வரும்போது மட்டும், எதிரே வேண்டாத ஆள் வந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அது மாதிரி ஒவ்வொரு பெட்டியும் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிடுகிறது. அது கடந்து போனதும் மறுபடி பார்க்கிறது. எந்தப் பெட்டியும் எதையும் சொல்லவில்லை.

"இன்னிக்குப் போதும். ஜீப்புக்குப் போயிடு" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டான்.

"நூறு வேணும்னு காலைலேருந்து உயிர வாங்கின?"

"வேணாம். போயிடு."

"ம்" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அவளைத் தெரியும். கேலி நின்றால் அவள் காது கொடுத்து எதையோ கேட்கிறாள் என்று அர்த்தம்.

"அண்ணா."

"சொல்லு."

"சில்வண்டு சத்தம் நின்னு போச்சு."

அவனும் கேட்டான். போனில் அத்தனை நேரமும் இருந்த அந்த இரைச்சல் இல்லை. காற்றில்லை, இலை அசைகிற ஒலியில்லை. அவள் செருப்பு சரளைக் கல்லில் படுவது மட்டும், பக்கத்து அறையில் யாரோ நடப்பது மாதிரி, அவ்வளவு துல்லியமாக.

"வேகமா நட" என்றான். மேஜை மேல் இருந்த இன்னொரு போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டான். ஏழெட்டு தடவை அடித்த பிறகுதான் தூக்கக் குரலில் எடுத்தார்.

"அண்ணே, தங்கச்சி வருது. எதிர்ல போங்க. பாருங்க, அங்க ஏதாவது தெரியுதா?"

"எங்க தம்பி? சரிவுலயா? ஒண்ணும் தெரியலயே. நல்லா வெயில் அடிக்குது. காடு காடாத்தான் இருக்கு." ஜீப் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "பாப்பாவும் தெரியல."

திரை புதுப்பித்துக்கொண்டது. வெள்ளை அவளுக்குப் பின்னால் இல்லை. அவளுக்கும் ஜீப்புக்கும் நடுவில் இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்கு இடம் வேண்டும், நூற்றுக்கு ஐந்து பங்கு இடம். காலம் காலமாக எல்லோரும் ஓட்டையைச் சிதறவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள், அதுவும் துண்டு துண்டாக ஒவ்வொரு மலையிலும் படுத்துக் கிடந்தது. அவன் ஒருவன்தான் படுத்திருந்ததை எல்லாப் பக்கமிருந்தும் தள்ளித் தள்ளி எழுப்பி நிற்க வைத்திருக்கிறான். சரி, இடம்தானே வேண்டும், கொடுத்துவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பெட்டிகளைத் தூங்கவைக்க அவனால் முடியும். பேட்டரி மிச்சம் பிடிக்க அப்படி ஒரு வசதி இருந்தது. தெற்குச் சரிவில், அவளுக்கு ரொம்பத் தூரத்தில், முப்பத்தொன்றைத் தூங்கவைத்தான். அங்கே வெள்ளை விரிந்தது. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. போ. அங்கே போ. நிறைய இடம் இருக்கு, எடுத்துக்கோ, என் தங்கச்சிய விட்டுடு.

தொண்ணூற்றொன்று. எண்பத்தாறு. எண்பது.

அது போகவில்லை. தெற்கே விரிந்த வெள்ளை அங்கேயே நிற்கவும் இல்லை. தரையில் கொட்டிய தண்ணீர் இன்னொரு தண்ணீரைத் தேடி ஓடுகிற மாதிரி, பச்சைக்கு நடுவே ஒரு கோடு கிழித்துக்கொண்டு வடக்கே வந்து அதோடு சேர்ந்தது.

பதறிப்போய் முப்பத்தொன்றை எழுப்பினான். பதில் இல்லை. முப்பத்திரண்டு. பதில் இல்லை. மவுஸ் வியர்வையில் வழுக்கியது. எழுப்பு. எழுப்பு. எழுப்பு. அவன் தொடாத பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடத் தொடங்கின. பதினான்கு. ஒன்பது. அவள் நட்ட இருபத்திமூன்று. எண் அறுபதுக்கு இறங்கியது. நாற்பத்தொன்று.

"அண்ணா, ரொம்பக் குளிருது."

"ஓடு."

"எந்தப் பக்கம்?"

எட்டு வருஷமாக அவன் அவளுக்குப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மேலே போ, இடது பக்கம் பாறை, வலது பக்கம் சறுக்கும், பார்த்துப் போ. அவள் எதிர்க் கேள்வி கேட்டதே இல்லை. அண்ணன் சொன்னால் அந்தப் பக்கம்தான். திரையில் இப்போது மலை இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளை. அதற்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளி, அதன் தலைமேல் அவன் விளையாட்டாக வைத்த பெயர்.

"எந்தப் பக்கம்ணா? சீக்கிரம் சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தான். ஏதாவது ஒரு பக்கம் சொல்லியிருக்கலாம். கிழக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

"அண்ணா?"

அவ்வளவுதான். போன் துண்டிக்கப்படவில்லை. பேசிய நேரம் ஒவ்வொரு நொடியாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் மூச்சு இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். காலி மாடி அதைத் திருப்பிக் கத்தியது. மேஜையில் தலையை வைத்து அழுதான், வெட்கமே இல்லாமல், மூக்கொழுக. அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். மாடிப்படி இறங்கவே அவன் முழங்காலுக்குக் கைப்பிடி வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மலையின் ஓரங்களில் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று விழித்தது. பதினான்கு விழித்தது. எண் ஏறியது. எழுபது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றைந்தை அது நிற்காமல் தாண்டியது. பச்சை எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கிப் பாய, வெள்ளை சுருங்கிச் சுருங்கி, ஒரு வீடளவாகி, ஒரு கட்டிலளவாகி, மஞ்சள் புள்ளிக்கு அடியில் போய் நுழைந்துகொண்டது.

நூறு புள்ளி பூஜ்யம்.

புள்ளி நடந்தது.

அவனுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. இருக்கிறாள். நடக்கிறாள். ஜீப்பை நோக்கித்தான் வருகிறாள். பிறகு அது நடக்கிற விதத்தைப் பார்த்தான். அவள் பாறையைச் சுற்றிப் போவாள், பள்ளத்தில் ஓரமாக இறங்குவாள், அவள் பாதை எப்போதும் கோணல்மாணல். இந்தப் புள்ளி பள்ளம் மேடு பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, ஒரே வேகத்தில், பாறைக்கு ஊடாகவே வந்தது.

டிரைவர் கூப்பிட்டார். "பாப்பா வந்து ஏறிடுச்சு தம்பி. பின் சீட்டுல உக்காந்திருக்கு. கிளம்பிட்டோம்."

"பேசுச்சா? என்ன சொல்லுச்சு?"

"பேச்சு இல்ல. ஆபீசுக்குப் போன்னு கைய மட்டும் காட்டுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெயில்ல நின்ன வண்டி தம்பி, எப்படிச் சூடா இருக்கணும்? எனக்குக் கை விறைக்குது. இன்ஜின் ஓடுற சத்தம்கூட…"

அவர் குரல் பாதியில் நின்றது. இணைப்பு அறுபடவில்லை. நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன, அந்தப் போனிலும்.

மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. அவர் வீட்டிலிருந்தே திரையைப் பார்த்திருக்கிறார். 'நூறா! கலக்கிட்டய்யா! எப்படி?'

மலையடிவாரச் சாலை ஓரத்தில் ஏழு சென்சார்கள். மஞ்சள் புள்ளி முதலாவதைத் தாண்டியபோது அதன் பச்சை அணைந்தது, தாண்டியதும் எரிந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஏழும் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. அதற்கு அப்பால் சென்சார் இல்லை, வெறும் சாலைகள்தான். புள்ளி சாலையில் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து மேஜை போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டான். "தீ எங்க சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இன்னும் பிடிக்கல."

"அப்ப என்ன சார் பிரச்சினை?"

என்ன சொல்வது? தங்கச்சி வேலை முடிந்து வருகிறாள் என்றா? "ஒண்ணுமில்ல, மன்னிச்சுக்குங்க" என்று வைத்தான்.

ஓடலாம். ஒன்றரை மணி நேரம் இருந்தது. நொண்டியாவது பின்படிக்கட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, எங்காவது போயிருக்கலாம். இரண்டு தடவை எழுந்து பையை மாட்டினான். இரண்டு தடவையும் அதே நினைப்பு வந்து உட்காரவைத்தது. ஒருவேளை அவளாகவே இருந்தால்? பயந்து, பேச்சு வராமல், அண்ணனிடம் போனால் போதும் என்று அவள் வந்துகொண்டிருந்தால்? வழி கேட்டபோதே சொல்லவில்லை. வருகிறபோது கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினால் அவன் என்ன அண்ணன்? பையைக் கழற்றி மேஜையில் வைத்தான். வெயில் கோடுகள் சுவரில் ஏறி, சிவந்து, மங்கின. விளக்கைப் போட அவனுக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் கீழே வந்து நின்றது. இன்ஜின் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, திரையில் மஞ்சள் புள்ளி ஆபீஸ் கட்டிடத்தின் மேல் வந்து நின்றதால்தான் எழுந்து ஜன்னல் மூடியை விலக்கினான். முன்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பின்கதவு திறந்தது. முன்கதவு திறக்கவில்லை. ஸ்டியரிங் மேல் டிரைவரின் தலை கவிழ்ந்திருந்தது.

ஏசி நின்றது. கம்ப்யூட்டர் விசிறி நின்றது. தன் கைக்கடிகாரத்தின் சத்தம் அவனுக்குக் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது.

குளிர்ந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீள நடைவழி. அதன் கூரையில் புகையைக் கண்டுபிடிக்கிற வட்டப் பெட்டிகள், பத்தடிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் கடுகளவு சிவப்பு விளக்கு. இருட்டில் ஆறு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. படிக்கட்டுப் பக்கம் இருந்த முதல் விளக்கு அணைந்தது.

இரண்டாவது.

சருகு எரியத் தொடங்கும் முன் வருமே ஒரு வாசனை, வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை, கதவின் கீழ் இடுக்கு வழியாக வந்தது.

மூன்றாவது. நாலாவது. ஓர் உருவம். தோளில் பை, பையில் அவள் நடாத இரண்டு பெட்டிகள்.

"அண்ணா" என்றது. அவள் குரல்தான். எந்தக் குறையும் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் இல்லை.

ஐந்தாவது. ஆறாவது.

"வாம்மா" என்றான் அவன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் கதவைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினான். அவள் உள்ளே கால் வைத்தாள், அவன் தலைக்கு மேல் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.